பிடரியில் பதினோரு சுருள்கள்

இன்று காலை எதிர் குவார்ட்டர்ஸில் யாரோ வெண்டைக்காயைத் தண்ணீரில் அளவுக்கு மீறி வேகவிட்டுவிட்டார்கள். பச்சையும் கொழகொழப்பும் கலந்த அந்த வாசனை ஜன்னல் வழியே வந்ததும், நான் எழுந்து மின்விசிறியை மூன்றில் வைத்து, ஸ்டூலை அதன் கீழே இழுத்துப் போட்டேன். பழக்கம். ஸ்டூலில் உட்கார ஆள் இல்லை. ஆகவே நானே அதில் அமர்ந்து, உன்மீது எனக்குள்ள குறைகளைக் கால வரிசைப்படி எழுதத் தொடங்கினேன்.

1. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் காலை: கோயில் நாடகத்துக்காக நான் சுருட்டிவிட்ட முடியோடு, என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல், ஸ்டூடியோவுக்குப் போய்ப் பெண் வீட்டாருக்கான படத்தை எடுத்துக்கொண்டது.

2. அதே ஆண்டு, ஆவணி மாதம், உன் திருமணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை: "நான் செத்தாலும் சொல்லக் கூடாது" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியது.

3. இந்த ஆண்டு, பிப்ரவரி, இரண்டாம் ஞாயிறு: உன் மகளின் தலை வெந்துபோனது தெரிந்த பிறகும் வாய் திறவாதது.

4. அதற்குப் பின் வந்த முப்பத்தோரு ஞாயிற்றுக்கிழமைகள்: வராதது. நான் கூப்பிடவில்லை என்பது என் பெயரில் பதிய வேண்டிய குறை. அதை இங்கே கலக்கவில்லை.

5. செப்டம்பர், மூன்றாம் வியாழன், காலை ஆறரை மணி, முதல் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் உன் ஜன்னல்: இறந்தது. முன்னறிவிப்பு எதுவும் தரப்படவில்லை.

இவற்றில் ஒன்றையும் கோபத்தில் எழுதியதாக நினைத்துவிடாதே. கோபம் என்றால் கை நடுங்க வேண்டும். என் கையெழுத்தைப் பார், கரும்பலகையில் எழுதியதுபோல் நேராக இருக்கிறது.

அந்த நாடகத்தில் உனக்கு முருகன் வேடம். சென்னையிலிருந்து வர வேண்டிய டோப்பா கப்பலில் வரவில்லை, கப்பலே வரவில்லை. ரங்கத் ஊரில் இருந்த தமிழர் அத்தனை பேரும் கோயில் வாசலில் நின்று, கோரைப்புல்லைப்போல் நேராகத் தொங்கும் உன் முடியைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள். நான் அப்போது வேதியியல் ஆசிரியனாக அந்தமானுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாம் இருவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். முடி என்பது ஈரத்தில் தளரும், உலரும்போது இறுகும். ஈரமாக இருக்கையில் எந்த வடிவத்தில் சுற்றி வைக்கிறோமோ, முழுக்க உலர்ந்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும் என்று உனக்குப் பாடம் எடுத்தேன்.

நீ கேட்டாய்: "எல்லாஞ் செரி வாத்தியாரே. இந்த ஊர்ல காத்தே ஈரமாத்தான இருக்கு? மேடைக்குப் போறதுக்குள்ள முருகன் மொட்டையாண்டி ஆயிருவானே."

சரியான கேள்வி. என் மாணவர்களில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. காற்றின் ஈரம் முடிக்குள் போகாமல் மேலே ஒரு பூச்சு வேண்டும். கடையில் விற்கும் ஜெல் அப்போது ரங்கத் பஜாருக்கு வந்திருக்கவில்லை. வெண்டைக்காய் இருந்தது. நறுக்கி வேகவைத்து, துணியில் பிழிந்து, ஆறவைத்த கூழை முக்கால்வாசி உலர்ந்த முடியில் தடவினோம். செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து முறுக்கி, ஒவ்வொரு பிடி முடியையும் அதில் சுற்றி முடிச்சுப் போட்டோம். முன்பக்கத்தைக் கண்ணாடி பார்த்து நீயே சுற்றிக்கொண்டாய். பின்பக்கம் உனக்கு எட்டவில்லை. பிடரியிலிருந்து உச்சிவரை பதினோரு சுருள்கள் என் பங்கு. அன்று முதல் பிப்ரவரிவரை அந்தக் கணக்கு மாறவில்லை. முடி கொஞ்சம் மெலிந்தபோதும் நான் பத்தாகக் குறைக்கவில்லை.

மறுநாள் மெயின்லேண்டுக்குத் தபால் போகும் கப்பல். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. நீ முகத்துப் பூச்சை மட்டும் கழுவிக்கொண்டு, முருகன் தலையோடு ஸ்டூடியோவில் போய் நின்றாய். உன் பெற்றோரோடு ஒரே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து, இலங்கையிலிருந்து ஒரே காலத்தில் திரும்பி, கூடலூர்ப் பக்கம் குடியமர்ந்த குடும்பம்தான் பெண் வீடு. நேரில் போய்ப் பெண் பார்க்க உனக்கு லீவும் இல்லை, கப்பலில் இடமும் இல்லை. படம் போயிற்று. ஒன்றரை மாதம் கழித்துப் பெண்ணின் அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது: 'பெண்ணுக்குப் படம் பிடித்திருக்கிறது. குறிப்பாகத் தலைமுடி.'

அந்த ஒரு வாக்கியத்தை நீ என்னிடம் நான்கு முறை படித்துக் காட்டினாய். ஐந்தாம் முறை முகம் வெளுத்துவிட்டது.

"வாத்தியாரே, இத எத்தன நாளைக்கு நிக்க வைக்க முடியும்?"

"தண்ணீர் படாமல் இருந்தால் ஒரு வாரம்."

"அப்ப வாரா வாரம் சுத்திருவோம். டென்ஷன் மத் லோ."

பதற்றப்படாதே என்று எனக்கு ஆறுதல் சொன்னவன் நீ. மாட்டிக்கொண்டவனும் நீதான்.

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. வாத்தியார் வீட்டுக்குப் பேப்பர் படிக்கப் போகிறேன் என்று உன் மனைவி செல்வியிடம் சொல்லிவிட்டு, ஏழு மணிக்கு வருவாய். பாதி உண்மை, பேப்பரைப் படித்துவிட்டுத்தான் கிழிப்போம். மெயின்லேண்ட் செய்தி நமக்குப் பழையதாகத்தான் வரும், ஆகவே கிழிப்பதில் வருத்தமில்லை. விசிறியின் கீழ் மூன்று மணி நேரம். முழுக்க உலராமல் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்ததும் சீப்பு படக் கூடாது. விரலால்தான் பிரிக்க வேண்டும். இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மேலாகத் தடவ வேண்டும். படுக்கும்போது பழைய பனியன் துணியைத் தலையில் சுற்றிக்கொள்ள வேண்டும். தலைக்குக் காற்று ஆகாது என்று வீட்டில் சொன்னாயாம். கடலோரம் வேலை பார்ப்பவனுக்குக் காற்று ஆகாதாம்!

மழைக்காலத்தில் நீ பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்காகவும் உன்மேல் எனக்குக் குறை உண்டு. டிக்கெட் ஜன்னலுக்குள் சாரல் அடிக்கிறது என்று உள்ளேயே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். லாங் ஐலண்டுக்குப் போக வந்த பெங்காலி அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்து, "க்யா பாபு, அந்தர் பீ பாரிஷ் ஹோ ரஹா ஹை?" என்றாள். வெளியேதான் மழை என்று பார்த்தால் உள்ளேயும் பெய்கிறதா என்று கேட்டவளுக்கு, "அந்தர் ஜ்யாதா ஹை தீதி," உள்ளேதான் அதிகம் அக்கா, என்று முகம் மாறாமல் பதில் சொல்லி டிக்கெட்டை நீட்டினாய். படகுத்துறை முழுக்க உன்னைக் 'கூங்ராலே பாபு' என்று கூப்பிட்டது. சுருட்டைமுடிக்காரன். உனக்கு அதில் பெருமை வேறு.

உன் மகள் கயல் பிறந்தாள். உன் தலை எப்படி இருந்ததோ அப்படியே அவளுக்கும் நேரான முடி. அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய உண்மையான முடி உன்னுடையது என்று சொல்ல முடியாமல் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன். ஏழெட்டு வயதில் அவள் என்னிடமே கேட்டாள்: "மாமா, அப்பா முடி ஏன் எனக்கு வரல? நான் அம்மா மாதிரியா?" நான் மரபியல் எடுத்துச் சொன்னேன். எம்.எஸ்ஸி. படித்தவன், குழந்தையிடம் பொய்யை மரபியல் என்ற பெயரில் சொன்னேன். அது உனக்காக.

அவள் வளர்ந்து போர்ட் பிளேரில் வங்கி வேலைக்குப் போனாள். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பு, யாரிடமும் சொல்லாமல், அங்கே ஒரு பார்லரில் மருந்து போட்டு நிரந்தரமாகச் சுருட்டித் தரச் சொல்லியிருக்கிறாள். மருந்தை நேரம் கடந்து விட்டுவிட்டார்கள். முடி கொத்துக் கொத்தாக உடைந்தது, உச்சந்தலையில் தோல் வெந்தது. அந்த இரண்டாம் ஞாயிறு, ஸ்டூலில் உட்கார்ந்து, முன்பக்கம் சுற்றிக்கொண்டே இதை நீ எனக்குச் சொன்னாய். நான் கையிலிருந்த பேப்பர்க் கீற்றைக் கீழே வைத்தேன்.

"இன்னைக்கே போன் பண்ணி அவகிட்டச் சொல்லு."

"என்னான்னு? ஒங்கப்பன் இருவத்தாறு வருசமா தலையில வெண்டக்கா தடவிக்கிட்டுத் திரியிறான்னா? சிரிப்பா வாத்தியாரே."

"சிரிக்கட்டும்."

"சிரிச்சு முடிச்சிட்டு அழுவாளே. அப்பாவப் பாத்துத்தான் பண்ணேன்னு போன்ல ஒரே அழுக. அந்த அப்பாவே டூப்ளிகேட்டுன்னு எப்பிடிச் சொல்றது?"

"சொல்லலன்னா மறுபடியும் போவா."

"போவ மாட்டா. டாக்டர் இனிமே மருந்தே படக் கூடாதுன்னுட்டாரு. விடு வாத்தியாரே, சுத்து, லேட்டாவுது."

"சொல்ற வரைக்கும் பின்பக்கத்த நீயே சுத்திக்க."

விளையாட்டு என்று நினைத்து நீ சிரித்தாய். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். "சச்சி மே?" என்று கேட்டாய். நிஜமாகவா என்று. கீழே வைத்த கீற்றை நான் திரும்ப எடுக்கவில்லை. முன்பக்கம் முழுக்கப் பேப்பர் முடிச்சுகளோடு, பின்பக்கம் ஈரம் சொட்ட, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நீ எழுந்து போனாய். பஜார் வழியாகத்தான் போக வேண்டும். நீ அந்தத் திருப்பத்தைக் கடக்கும்வரை நான் ஜன்னலில் நின்றேன். கூப்பிடவில்லை.

ஜூலை மாதம் தேர்வுப் பணிக்காக லாங் ஐலண்டுக்குப் போக வேண்டியிருந்தது. உன் ஜன்னலில்தான் டிக்கெட். நீ தொப்பி போட்டிருந்தாய். "ஒண்ணா, ரெண்டா?" என்று முன்பின் தெரியாதவரைக் கேட்பதுபோல் கேட்டாய். "ஒன்று" என்றேன். பின்னால் அலமாரியில் எதையோ எடுக்கத் திரும்பியபோது தொப்பி கழன்று விழுந்தது. பிடரி முழுக்க நேரான முடி. நடுவில் ஒரே ஒரு சுருள், கோணலாக, பாதி உலர்ந்து அவிழ்த்ததால் பிசிறடித்து நின்றது. கையைப் பின்னால் வளைத்து வளைத்து, கண் தெரியாமல் நீயே சுற்றிய சுருள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, அங்கேயே, அந்தப் பெஞ்சில் உன்னை உட்கார வைத்திருக்க வேண்டும். போட் சங்கு ஊதியது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனேன்.

அந்த வியாழக்கிழமை நான் வந்தபோது உன்னைப் படகுத்துறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கயல் போர்ட் பிளேரிலிருந்து புறப்பட்டுவிட்டாள். காட்டு வழியில் வண்டிகள் மொத்தமாகக் கான்வாயில்தான் வர முடியும், பாராடாங்கில் படகு கடக்க வேண்டும், மூன்று மணிக்கு முன் வர வழியில்லை. அதற்குள் குளிப்பாட்டிவிடலாம் என்று பெரியவர்கள் தண்ணீர் எடுத்து வைத்தார்கள். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துச் சுவரோரம் நின்றிருந்தேன்.

செல்வி என்னிடம் வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அண்ணே, பின்னாடி நீங்கதான சுத்துவீங்க?"

நான் தண்ணீர் எடுத்து வைத்திருந்த பக்கம் பார்த்தேன்.

"கலியாணம் ஆன மொத மாசமே தெரியும்ணே. கழுத்துல பேப்பர் எழுத்து தலகீழா ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. நாந்தான் தொடச்சு விட்டேன், தூங்கும்போது. புள்ள வாரதுக்குள்ள சுத்திவிடுங்க. அவ அவங்கப்பாவ அப்பிடிப் பாத்ததே இல்ல."

குளிப்பாட்டி முடித்ததும், வேட்டி மாற்றுகிறோம் என்று சொல்லிச் செல்வி கதவைச் சாத்தினாள். உள்ளே நாம் மூவர். வெண்டைக்காய் இல்லை. சோறு வடித்த கஞ்சி இருந்தது, அதைத் தடவினேன். பேப்பரை அவள் கிழித்துக் கொடுத்தாள். விசிறியை மூன்றில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. அவள் முறத்தால் வீசினாள். வெளியே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "மாஸ்டர்ஜி, அவுர் கித்னா டைம் லகேகா?" என்று மெதுவாகக் கேட்டார். இன்னும் எவ்வளவு நேரம் என்றால், உலரும்வரை. வேறு எந்தப் பதில் எனக்குத் தெரியும்?

இருபத்தாறு ஆண்டுகளாக ஒன்றை நான் கவனிக்கத் தவறியிருக்கிறேன். உலர்த்தியது விசிறி என்றே நினைத்திருந்தேன். பாதி வேலையை உன் தலையின் சூடு செய்திருக்கிறது. அந்தச் சூடு இல்லாமல் பிடரிப் பக்கம் உலரவே இல்லை. தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிச்சாக உள்ளங்கையில் பொத்தி, என் கைச் சூட்டைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்று மணிக்கு வெளியே வண்டிச் சத்தம் கேட்டபோது முன்பக்கம் நின்றிருந்தது. பின்பக்கப் பதினொன்றும் அவிழ்த்தவுடன் நீண்டு தொங்கிவிட்டன. உன்னை மல்லாத்திப் படுக்க வைத்தோம். அது யாருக்கும் தெரியவில்லை.

கயல் ஓடி வந்து உன் நெற்றியில் கை வைத்தாள். பிறகு சுருள்களுக்குள் விரலை விட்டாள். "அம்மா, அப்பா முடி மட்டும் அப்பிடியே இருக்கும்மா," என்றாள். செல்வி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் செல்வி என் வீட்டுக்கு வந்தாள். அந்த ஸ்டூலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். ஏன் இத்தனை வருடம் தெரியாததுபோல் இருந்தாய் என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம மட்டுந்தாண்ணே அவரு சிரிச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவாரு. கேட்டா ஒங்க வீட்டுக்கு வரமாட்டாரே," என்றாள். சரி, அந்தப் படத்தில் முடியைப் பார்த்துத்தானே சம்மதித்தாய் என்றேன்.

"போட்டோவா? போட்டோவ நான் பாக்கவேயில்லண்ணே. எங்கப்பா பாத்தாரு, முடிவு பண்ணிட்டேன்னாரு. முடி புடிச்சுச்சுன்னு எழுதுனதும் அவராத்தான் இருக்கும். மரியாதைக்கு எதாச்சும் எழுதணும்ல?"

நான் எழுந்து போய் அடுப்படியில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ குறித்துவைத்த திருமணத்தை ஓராண்டு தள்ள வேண்டாம், அப்பாவின் ஆண்டு முடியுமுன்பே பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். தை மாதம். தோள்வரை வளர்ந்திருக்கும் முடியை மறுபடி மருந்து போட்டுச் சுருட்டிக்கொள்ளக் கயல் வேறொரு பார்லரில் நேரம் வாங்கிவிட்டாள். வரும் திங்கட்கிழமை. டாக்டர் சொன்னதைச் செல்வி நினைவூட்டியதற்கு, "தலை போனாலும் பரவால்ல, அப்பா முடியோடதான் மணையில உக்காருவேன்," என்றாளாம். செல்வியால் சொல்ல இயலாது. தனக்கு எல்லாம் தெரியும் என்பது தெரியாமலே போய்விட்ட உன்னைப் பற்றி மகளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நீங்க சொல்லுங்கண்ணே, நீங்க சொன்னா நம்புவா," என்கிறாள். என்னைத் தடுப்பது மேலே இரண்டாவதாகக் குறித்த அந்த வெள்ளிக்கிழமை. செத்தாலும் என்ற சொல்லை, நீ வேண்டுமென்றே சேர்த்தாய். வாக்கில் ஓட்டை வைக்கத் தெரிந்த மனிதர்கள் உண்டு. உனக்கு அது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது என் விரல்கள் தாமாகவே டிக்கெட்டை முறுக்கிச் சுற்றுகின்றன. இறங்கும்போது பார்த்தால் கையில் ஒரு சிறிய இறுக்கமான சுருள் இருக்கிறது. எறிய மனம் வராமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். சட்டைப் பைகள் நிறைந்துவிட்டன. அவள் தலையில் மருந்து இல்லாமல், வலி இல்லாமல், மணமேடையில் இரண்டு நாள் நிற்கும்படி சுருட்டிவிட இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். ஆனால் சுற்றத் தொடங்கிய நிமிடமே, இது உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா என்று கேட்பாள். மரபியல் சொல்லி ஒருமுறை தப்பித்தாயிற்று. இரண்டாம் முறை என்னால் ஆகாது.

ஆகவே உன்னிடம் கோருவது: மேற்படி சத்தியத்திலிருந்து என்னை விடுவிப்பதாக, உன் கைப்பட, எழுத்து மூலமாக, வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் பதில் தர வேண்டும். கயல் சனிக்கிழமை வருகிறாள். ஞாயிறு பத்து மணிக்கு என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். காலக்கெடு நீட்டிக்கப்படாது. பதில் வராவிட்டால் உன் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அதன் பிறகு வாக்குத் தவறியவன் என்ற பெயரோடு மீதி நாட்களை இருந்துகொள்வேன்.

நீண்ட கடிதம் தேவையில்லை. ஒரு வரி போதும். திட்டித்தான் எழுதுவாய் என்றால், திட்டியே எழுது.